முன்னால் பார்த்தால் கார்

வேலுமணி குளித்து, திருநீறு பூசி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சாவியோடு வாசலுக்கு வந்தபோது, அவருடைய பிக்கப் வண்டியின் முன்சீட்டில் கருப்பாத்தாள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி சாந்தாமணிக்குச் சின்னம்மா முறை. மடியில் ஒரு சாக்கு வைத்திருந்தாள். சாக்குக்குள் ஏதோ உயிரோடு இருந்தது.

"ஏனுங்கத்தை, எப்ப வந்தீங்க?"

"இப்பத்தானுங் மாப்பளே. பொங்கலூர் வரைக்கும் போயிட்டு வந்துரலாமுங்களா?"

"நான் கம்பெனிக்கு பீஸ் குடுக்கப் போறனுங்க. அது அவனாசி ரோட்டுல. பொங்கலூரு இந்தப் பக்கமே இல்லீங்களே."

"அதுக்குத்தானே வண்டி இருக்குது? நடந்தா போகப் போறோம்?"

வேலுமணி வண்டியில் ஏறிச் சாவியைப் போட்டார். சாக்கு கொக்கரித்தது.

வேலுமணி நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு சின்னத் தையல் யூனிட் வைத்திருந்தார். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி வெட்டிக் கொடுக்கும் துணியைக் குழந்தைச் சட்டையாகத் தைத்துத் திருப்பிக் கொடுப்பதுதான் தொழில். நெடுங்காலம் பண்டல்களை மொபெட்டில் முன்னும் பின்னும் கட்டிக்கொண்டு, பண்டல் தானாக ஓடுவதுபோலத் தெருவில் போய்க்கொண்டிருந்தவர், திடீரென்று இந்த வெள்ளை டீசல் பிக்கப்பை வாங்கிவிட்டார். முன்னால் ஐந்து பேர் ஏசியில் உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டியில் ஒரு டன் ஏற்றலாம்.

"முன்னால பாத்தா காரு, பின்னால பாத்தா லாரி. ஒரே டீசல்ல ரெண்டு வண்டி!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்காதவர்களிடம் மைலேஜும் சொன்னார். யாராவது "டெம்போ வாங்கிட்டீங்களாமா?" என்று விசாரித்தால் மட்டும் முகம் சுருங்கிவிடும். எங்கே போனாலும் பின்பக்கம் சுவரைப் பார்க்க, முன்பக்கம் ஊரைப் பார்க்கத்தான் நிறுத்துவார். கல்யாண மண்டபத்தில் அப்படி நிறுத்துவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டதும் உண்டு.

அன்றைக்குப் பொங்கலூர் போய், கோழிகளை இறக்கி, வந்ததுதான் வந்தோம் என்று கருப்பாத்தாள் ஏற்றச் சொன்ன தேங்காய் மட்டைகளையும் ஏற்றி இறக்கிவிட்டு, வேலுமணி கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அங்கே சரக்கைச் சரிபார்க்கும் ஜெபக்குமார் தெற்கத்திக்காரர். ஒரு சட்டையை உதறினார். வெள்ளையாக ஒன்று மெதுவாக மிதந்து மேஜையில் இறங்கியது.

"என்ன அண்ணாச்சி, பச்சப்பிள்ள சட்டைக்குள்ள கோழி றெக்கை கெடக்கு? டிசைன்ல இது கெடையாதுல்லா?"

பண்டல் முழுவதையும் பிரித்து, உதறி, மறுபடி மடித்துக் கட்டச் சொல்லிவிட்டார்.

வேலுமணி வீட்டுக்கு வந்து குமுறினார். சாந்தாமணி மோரைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பாவமுங்க, வயசானவங்க. நம்மள விட்டா அவங்களுக்கு யாரு இருக்கறா? மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொன்னா, வண்டி வாங்குனதும் தலைக்கனம் வந்துருச்சும்பாங்க."

வேலுமணிக்கும் அந்தப் பயம்தான். வண்டி வாங்கியதே தலைக்கனத்தில்தான் என்றாலும், அதை வெளியே தெரியாமல் வைத்திருந்து அனுபவிக்கத்தான் அவருக்கு ஆசை. ஆகையால் முகத்துக்கு நேராக மறுக்காமல் ஒரு பொய் சொல்வது என்று தீர்மானித்தார். அடுத்த முறை கருப்பாத்தாள் புண்ணாக்கு மூட்டையோடு வந்தபோது, "கியர் விழ மாட்டீங்குதுங்கத்தை" என்றார்.

மறுநாள் காலையில் மைத்துனன் லிங்கசாமி வந்து நின்றான். கூடவே கையில் ஸ்பேனர்ப் பையோடு இன்னொருவர்.

"அக்கா போன்ல சொல்லுச்சுங் மச்சான், கியர் போச்சாமே! பதறிப்போயிட்டேன். இவரு அங்கமுத்து. கைராசிக்காரர்."

"எதுக்குங் மாப்பளே சிரமம்? ஷோரூம்ல விட்டாப் பாத்துக்குவாங்க."

"நம்ம ஊட்டு வண்டியை அன்னியங்கிட்ட விடறதா?"

அங்கமுத்து வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார். கியர் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னால் பொய் வெளிப்பட்டுவிடும். புத்தம்புது கியர்பாக்ஸ் துண்டு துண்டாகச் சாக்கின் மேல் பரப்பப்படுவதை வேலுமணி வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கமுத்து உண்மையில் கிணற்று மோட்டார் மெக்கானிக் என்பது, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்த பிறகுதான் பேச்சுவாக்கில் தெரிந்தது.

"நட்டு ரெண்டு மிச்சமாயிருச்சுங்க," என்றார் அங்கமுத்து. "கம்பெனிக்காரன் எச்சா வச்சிருப்பான்."

அதிலிருந்து மூன்றாவது கியர் விழவேயில்லை. இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு, பின்னால் பஸ்களும் சைக்கிள்களும் ஹாரனும் மணியும் அடிக்க, வேலுமணி கம்பெனிக்குச் சரக்குக் கொண்டுபோனார். ஷோரூமில் சரிசெய்து வெளியே வந்ததும் லிங்கசாமி வாசலில் காத்திருந்தான்.

"நல்லாயிருச்சுங்களா? அப்ப நம்ம தோட்டத்துக்கு ரெண்டு நடை கோழி எரு அடிச்சுரலாமுங் மச்சான்."

வேலுமணி அடுத்ததாக வண்டியை ஒளித்து வைத்தார். சோமனூரில் தறி ஓட்டும் சிநேகிதர் ஒருவரின் குடோனில் அதைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, பஸ்ஸில் வந்து இறங்கி, "வித்துட்டனுங்க" என்று கருப்பாத்தாளிடம் சொன்னார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

இரண்டே நாளில் நெருப்பெரிச்சல் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. வேலுமணி நொடித்துவிட்டார், வண்டியை விற்றுவிட்டார், அடுத்தது மெஷின்கள்தான். யூனிட்டில் நன்றாகத் தைக்கும் டெய்லர் முத்துப்பேச்சி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், வந்து எதிரே நின்றாள்.

"அண்ணாச்சி, நாங்க வேற எடம் பாத்துட்டோம். நாளைக்கிப் பூட்டப்போற கதவுக்குள்ள இன்னைக்கி மெஷின மிதிச்சிக்கிட்டு இருக்க முடியுமா?"

"யாரும்மா பூட்டறது? வண்டி இருக்குது, சோமனூர்ல இருக்குது!"

"வித்த வண்டி எங்கனயாச்சும் இருக்கத்தான அண்ணாச்சி செய்யும்?"

சாயங்காலமே வேலுமணி சோமனூருக்கு ஓடினார். தார்ப்பாயை இழுத்து எறிந்துவிட்டு, வண்டியை எடுத்து வந்து, நெருப்பெரிச்சலின் ஒவ்வொரு தெருவிலும் ஹாரன் அடித்தபடி சாமி ஊர்வலம்போல மெதுவாகப் போனார். டெய்லர்கள் பார்த்தார்கள், காலையில் வேலைக்கு வந்துவிட்டார்கள். சாந்தாமணியின் சொந்தக்காரர்களும் பார்த்தார்கள். அவர்கள் விடியும் முன்பே வந்துவிட்டார்கள். ஒருவருக்கு வைக்கோல், ஒருவருக்குச் செங்கல், கருப்பாத்தாளுக்கு எங்கிருந்தோ எங்கேயோ போக வேண்டிய பழைய கதவு.

"அந்தக் கதவு எதுக்குங்கத்தை?"

"இருக்கட்டுமுங் மாப்பளே. கெடந்தா ஆகாதுங்களா?"

அந்தச் சமயத்தில்தான் ஜெபக்குமார் போன் செய்தார். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர், ஒரு அம்மா, வந்திருக்கிறார். சின்ன யூனிட்டுகளைப் பார்க்க வேண்டுமாம். வேலுமணியின் யூனிட்டும் பட்டியலில் இருக்கிறது. அவருக்குப் பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க வேலை. கம்பெனிக் கார் வேறு பக்கம் போயிருப்பதால், ஓட்டலில் இருந்து கூட்டி வருவது வேலுமணியின் பொறுப்பு.

வேலுமணி வண்டியைக் கழுவினார். சீட்டுக்கு வெள்ளை உறை போட்டார். மல்லிகை வாசனைப் புட்டி ஒன்றை ஏசிக்கு முன்னால் மாட்டினார். இத்தனை நாள் எருமைப் புண்ணாக்குச் சுமந்த வண்டி ஒருவழியாகப் பிறவிப் பயன் அடையப்போகிறது என்று அதை ஒருமுறை தட்டிக்கொடுத்தார். பிறகு டிபன் சாப்பிட உள்ளே போனார். சாந்தாமணி அன்றைக்கு ஆப்பம் சுட்டிருந்தாள். இன்னொன்று, இன்னொன்று என்று போட்டுக்கொண்டேயிருந்தாள்.

வெளியே வந்தால் பின்தொட்டி நிறையக் கோழி எரு. லிங்கசாமி சட்டையில்லாமல் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தான்.

"நீங்க சாப்பிடறீங்களேன்னு தொந்தரவு பண்ணலீங் மச்சான். நானே ஏத்திட்டேன்."

கீழே தள்ள நேரமில்லை. வேலுமணி எருவின் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டினார். கட்டியதால் காற்றுக்குப் போக்கிடமில்லாமல், வெயில் ஏற ஏற எரு உள்ளுக்குள் வெந்தது. ஓட்டலில் ஜெபக்குமார் முன்சீட்டிலும் பையர் அம்மா பின்சீட்டிலும் ஏறியதும் வேலுமணி ஏசியைக் கூட்டினார். மல்லிகையும் கோழி எருவும் கலந்து, இரண்டும் தனித்தனியாக இருந்ததைவிட மோசமான ஒன்றாக மாறின. அம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு முன்சீட்டு ஜெபக்குமாரிடம் ஏதோ கேட்டார்.

"என்ன சார் சொல்றாங்க?"

"இது ஆர்கானிக் காட்டனான்னு கேக்காங்க," என்றார் ஜெபக்குமார் மூச்சை அடக்கிக்கொண்டு.

யூனிட்டில் தையல் சுத்தமாக இருந்ததால் வேலை கைநழுவவில்லை. ஆனால் புறப்படும்போது ஜெபக்குமார் வேலுமணியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, வருஷ ஆர்டர் உங்களுக்குத்தான். சரக்க வாடகை டெம்போல அனுப்புங்க. நீங்க கார்ல வாங்க. அந்தத் தொழுவத்த ஓட்டிக்கிட்டு இனிமே கேட்டுக்குள்ள வராதீங்க."

தொழுவம்! வேலுமணியின் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து சாவியை வீசி எறிந்தார்.

"அந்தச் சனியனை வித்துடறேன். நெசமாவே விக்கறேன்."

"அய்யோ, ஆசைப்பட்டு வாங்குனீங்களே!" என்றாள் சாந்தாமணி.

"ஆசையாவது மண்ணாவது. இனிமே ஒரு சின்னக் காரு. டிக்கியில ஒரு கோழி நொழையக் கூடாது."

"உங்க இஷ்டமுங்க. நான் என்னத்தக் கண்டேன்?" சாந்தாமணி கொஞ்சம் யோசித்தாள். "வெள்ளை மட்டும் வேண்டாமுங்க, அழுக்கு தெரியும். மெரூன்னா நல்லாருக்கும். பல்லடம் ரோட்டு ஷோரூம்ல ஒண்ணு நிக்குது. ஏசி பின்சீட்டு வரைக்கும் வருதாமா."

தன் கஷ்டத்தைப் புரிந்துகொண்டு, தன் விருப்பத்துக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத பெண்டாட்டி எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று வேலுமணி நெகிழ்ந்துபோனார். மேலெல்லாம் எரு நாற்றம் அடிக்கவே, துண்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனார். சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே, பின்கதவுப் பக்கம், கருப்பாத்தாளின் குரல் கேட்டது.

"காருன்னு முடிவு பண்ணிட்டாராமா கண்ணு? அப்ப நாளைக்கு ஏத்தறதுக்குன்னு எரவல் வாங்கியாந்த எருமையைத் திருப்பிக் குடுத்துறட்டுமா?"