ஐந்து மணிக் கடலின் நிறத்தில் ஒரு காங்கா

டாங்கா
வெள்ளிக்கிழமை, பிற்பகல்

என் பெருமதிப்பிற்குரிய ராஜபு அண்ணாவுக்கு,

தங்கை சுபிரா ஆயிரம் சலாம் சொல்லி எழுதுவது. நான் நலம். பல், பசி, தூக்கம் மூன்றும் ஒழுங்காக இருக்கின்றன. என் பயமெல்லாம் உங்களைப் பற்றித்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாக்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு வந்து இறங்கி, என் வயிற்றுக்குக் காரணமானவன் யார் என்று விசாரித்து, என்னையும் என் மூட்டையையும் தாரெஸ் ஸலாமுக்கு ஏற்றிப்போய் உங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் குடிவைக்கப் போவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். அண்ணா, என் வயிற்றில் காலையில் தின்ற விடும்புவா அரிசிப் பணியாரமும் இஞ்சித் தேநீரும் தவிர வேறு ஒன்றும் இல்லை. தயவுசெய்து வராதீர்கள். தொலைபேசியில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை என்பதால் நடந்ததை எழுதி மாலைப் பேருந்தில் அனுப்புகிறேன்.

எல்லாம் ஒரு நிறத்தால் வந்த வினை. துறைமுக அலுவலகத்தில் வேலை முடிந்ததும் சைக்கிளில் வீட்டுக்கு வந்து, பின்முற்றத்தில் இருக்கும் என் ஒரே நாற்காலியில் உட்காருவேன். ஐந்து மணி வாக்கில் கடல் ஒரு நிறத்துக்கு வரும். அது நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை. அந்த நேரத்தில் நான் எதையும் யோசிப்பதில்லை, ஆனாலும் எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். போன வாரம் கடைத்தெருவில் அதே நிறத்தில் ஒரு காங்காத் துணி தொங்கியது. கனவில் நடப்பவள் போலப் போய் வாங்கி, வீட்டுக்கு வந்து, மறுநாளே இடுப்பில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எல்லாக் காங்காவிலும் போல ஓரத்தில் அச்சடித்திருந்த வரியைப் படிக்கவில்லை. நம் ஊரில் கண் தெரியாதவள்கூட அடுத்தவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் காங்கா வாங்குவாள் என்று நீங்கள் திட்டுவது இங்கேயே கேட்கிறது. வரி பின்பக்கம் விழுந்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை. தெரு முழுக்கப் படித்தது. “நீ பேசி முடி, நான் தூங்கி எழுந்து வருகிறேன்.”

இதில் என்ன தப்பு என்றால், முந்தின நாள்தான் பக்கத்து வீட்டு மோஸா அக்கா சுவரில் சாய்ந்து நின்று எனக்கு வெகுநேரம் புத்தி சொல்லியிருந்தாள். “அடியே சுபிரா, அந்தத் தச்சனுக்குப் பெண்டாட்டி செத்து வருஷமாச்சு. பல்லுகூட ஒண்ணும் கொட்டல. கட்டிக்கோடி. வயசான காலத்துல யாருடி உனக்குத் தண்ணி மொண்டு குடுப்பா?” என்றாள். “குழாயில வருதே அக்கா,” என்று சொல்லிவிட்டு நான் ஒரு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேசி முடித்தது எப்போது என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் அவளும் ஒரு காங்காவைக் கட்டிக்கொண்டு என் வாசல் வழியே மூன்று தடவை போய் வந்தாள். அதில் இருந்ததை எழுத மாட்டேன். தொட்டில் ஆடாத வீட்டைப் பற்றியது. எனக்குச் சுருக்கென்றது. தொட்டில் இல்லையே என்று அல்ல. தொட்டில் வேண்டாம் என்பது நானாக, சந்தோஷமாக எடுத்த முடிவு என்று அவளுக்காவது தெரியும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அப்புறம்தான் என் துணியைத் திருப்பிப் படித்தேன். படித்ததும் கட்டிலில் குப்புற விழுந்தேன்.

துணியில் சொன்னதற்கு வாயால் பதில் சொல்லக் கூடாது, உங்களுக்கே தெரியும். கடைக்கு ஓடினேன். “சமாதானத்துக்குக் காங்கா இருக்கா?” என்றேன். “சண்டைக்கு இருக்கு, கல்யாணத்துக்கு இருக்கு. சமாதானத்துக்கு யாரும்மா வாங்குறா?” என்றான் கடைக்காரன். கடைசியில் தாய்மையைப் போற்றும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன், மோஸா ஐந்து பெற்றவள் ஆயிற்றே. “தாயாகும் பேறு தந்தாய், இறைவா நன்றி.” இந்த முறை நன்றாகப் படித்துத்தான் வாங்கினேன். ஆனால் யார் இடுப்பில் இருக்கிறதோ அவள்தான் பேசுகிறாள் என்பதை மறந்து, அதை நானே கட்டிக்கொண்டு தெருவில் போனேன்.

சாயங்காலத்துக்குள் என் வாசலில் மூன்று சட்டி கஞ்சி. மீன்காரி பெரிய மீனாகப் பொறுக்கிப் போட்டு, “இனிமே சைக்கிள் மிதிக்காத தாயி,” என்றாள். உங்களுக்கு யார் சொல்லியனுப்பினார்களோ, அவர்களும் இந்தக் கூட்டத்தில்தான் இருந்திருப்பார்கள். மோஸா சண்டையை மறந்து சுவரேறிக் குதித்து என் கையிலிருந்த வாளியைப் பிடுங்கினாள்.

“குனியாதடி! யாருடி அவன்? தச்சனா?”

“ஒருத்தனும் இல்ல அக்கா. துணி உனக்காகக் கட்டினது.”

“அப்போ வயித்துல?”

“விடும்புவா.”

அவள் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். நான் படியில் உட்கார்ந்தேன். கடல் நிறம் மாறியது. “தினமும் இதைத்தான் பாக்குறியா?” என்றாள். “ஆமா,” என்றேன். “நடுவுல உன்னை யாருமே கூப்பிடுறதில்லயா?” “இல்ல.” அவள் காலை நீட்டிக்கொண்டு, “இதையாடி நான் பாவம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்?” என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மகள் அம்மா அம்மா என்று கத்தினாள். திரும்பிப் பார்த்தால் மோஸா வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தாள். நான் எழுப்பவில்லை.

அதனால்தான் சொல்கிறேன் அண்ணா, உங்கள் பின்கட்டு அறை நல்ல அறைதான், ஆனால் அதன் ஜன்னல் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்க்கிறது. நான் தனியாக இருக்கிறேன், தவித்துக்கொண்டு இல்லை. இந்த வீட்டில் என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இதை விட்டு என்னைக் கொண்டுபோனால் நான் வாடிப்போவேன். வராதீர்கள். உங்கள் கோபம் தணியட்டும் என்று அண்ணிக்கு மாந்தளிர் நிறத்தில் ஒரு காங்கா ஜோடி வாங்கி, ஒரே அச்சுள்ள அந்த இரண்டில் ஒன்றை இன்று காலைப் பேருந்தில் அனுப்பிவிட்டேன். மற்றதை நான் வைத்துக்கொண்டேன். பெரியப்பாக்களின் முழங்கால்களுக்கும், பிள்ளைகளுக்கும், உங்கள் ஆட்டுக்கும் என் சலாம். ஆண்டவன் உங்களை நீண்ட நாள் வைத்திருக்கட்டும், உங்கள் வீட்டிலேயே.

அன்புத் தங்கை,
சுபிரா

பின்குறிப்பு: மோஸா அக்கா இப்போதுதான் வந்து, என்னிடம் இருக்கும் அந்த மாந்தளிர்த் துணியை விரித்துப் பார்த்துத் தரையில் உருண்டு சிரிக்கிறாள். நிறம் நன்றாக இருந்ததா, மறுபடியும் படிக்காமல் வாங்கிவிட்டேன். “வாருங்கள், என் வீடு உங்கள் வீடு,” என்று போட்டிருக்கிறதாம். அண்ணி இந்நேரம் அதைக் கட்டிக்கொண்டு உங்கள் தெருவையே ஒரு சுற்று வந்திருப்பாள். துணியில் கூப்பிட்டுவிட்டு வாயால் மறுக்க முடியாது. எனவே ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாருங்கள். பாய் கொண்டு வாருங்கள், நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது. ஐந்து மணிக்கு மட்டும் யாரும் பேசக் கூடாது. அதற்குப் பிறகும் என்னைக் கூட்டிப்போக வேண்டும் என்று தோன்றினால், அப்போது கேளுங்கள்.