சுமதி ஊருக்குப் போயிருந்த கோடைக்காலம்

பொய் சொல்வது ஒரு கைத்தொழில். இளமையிலேயே பழகியவர்கள் அதை அலுங்காமல் செய்து முடித்துவிடுகிறார்கள். ஐம்பதைத் தாண்டிய பிறகு முதன்முறையாக அதில் கை வைப்பவன், அரிவாள்மணையில் ஏறி உட்கார்ந்த குழந்தையைப் போல, எங்கேயாவது வெட்டிக்கொண்டுதான் எழுந்திருப்பான். நான் சொன்ன ஒரே பொய்யின் பயனாக என் வீட்டு வாசலுக்குக் காவல்துறை வந்தது. மனைவியைக் கொன்று தோட்டத்தில் புதைத்தவன் என்ற ஐயத்துக்கு நான் கால்மணி நேரம் ஆளாகியிருந்தேன். (கால்மணி என்பது என் மகளின் கணக்கு. எனக்கு அது ஒரு யுகம்.)

அந்த ஆண்டு வசந்தத்தில்தான் என் மனைவி சுமதிக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை முடிந்ததும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பின் வழியே மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். முதல் தடவை மருத்துவமனையிலிருந்து திரும்பும்போதே அவள் காருக்குள் எனக்கு ஆணையிட்டுவிட்டாள்.

“ஏனுங்க, ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. சொன்னா எல்லாரும் டிஃபன் பாக்ஸத் தூக்கிட்டு வந்துருவாங்க. கையப் புடிச்சுக்கிட்டு, ‘எங்க அத்தைக்கும் இதேதான் சுமதி’ன்னு ஆரம்பிப்பாங்க. எந்த ஸ்டேஜ், எந்த ஹாஸ்பிடல்னு அரை மணி நேரம் கேட்டு முடிச்சப்புறம் பாத்தா, அந்த அத்தை செத்துப் போயிருப்பா.”

ஆகவே சுமதி ஊருக்குப் போனாள். அதாவது, சான் ஹோசேயில் எங்கள் வீட்டு மாடியறையில் படுத்திருந்தாள். நண்பர்களுக்கும், நான் வார இறுதியில் இலக்கணம் கற்பிக்கும் தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்கும், அவளோடு நாள்தோறும் வேலியோரமாக ரோஜாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அடுத்த வீட்டு டாரதி அம்மையாருக்கும் நான் ஒரே விடையைச் சொல்லிவந்தேன்: “சுமதி கோயம்புத்தூர் போயிருக்கா.” நாளடைவில் அது தடையின்றி வந்தது. அந்தத் தேர்ச்சியைப் பற்றி எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

மருந்து அவள் பசியை அழித்தது. இட்லியின் ஆவி பட்டாலே குமட்டினாள். உடல் நாளுக்கு நாள் கரைந்தது. எடை இன்னும் குறைந்தால் அடுத்த தவணை மருந்தைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். தள்ளிப்போடுவது எதற்கு இடம்கொடுப்பது என்பதை அவர் விளக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்போதுதான் செவிலியர் ஒருவர், இத்தகைய குமட்டலுக்குச் சிலருக்குக் கஞ்சா பயன்படுகிறது என்றார். மருத்துவரும் மறுக்கவில்லை.

எங்கள் மாநிலத்தில் அதைக் கடையில் வைத்து வெளிப்படையாக விற்கிறார்கள். அத்தகைய கடை ஒன்று எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் இருந்தது. ஆனால் அதன் வாசலில் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் எவராவது என்னைப் பார்த்துவிட்டால் என்ன ஆவது? வல்லினம் மிகும் இடங்களை விளக்கும் வாயால் இதை எப்படி விளக்குவது? தவிர, கடைச் சரக்கில் என்னென்ன நஞ்சு தெளித்திருக்கிறார்களோ என்ற கவலையும் இருந்தது. வயது வந்தவர் தம் வீட்டில் ஆறு செடிகள் வரை வளர்க்கச் சட்டம் இடமளிக்கிறது என்று அறிந்ததும் முடிவுசெய்தேன். நானே வளர்ப்பேன்; இரசாயனம் ஒரு துளியும் படாமல் வளர்ப்பேன்.

நாற்றுகளைக் கொண்டுபோய்ச் சுமதியிடம் காட்டினேன்.

“இது பூக்க எத்தன மாசமாகும்?”

“நாலஞ்சு மாசம்.”

“என்ற கீமோ எத்தன மாசம்?”

நான் நாற்றுகளைப் பார்த்தேன். கணினிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து இருபதாண்டுகளாகச் சம்பளம் வாங்குகிறவன் இந்தக் கழித்தலைச் செய்து பார்த்திருக்கவில்லை.

“அப்ப அது பூக்கறப்போ ஒண்ணு நானும் நல்லாயிருப்பேன், இல்ல செடி மட்டும் நல்லாயிருக்கும்,” என்றாள் சுமதி. “சரி, வளருங்க. உங்களுக்கும் ஏதாச்சும் வேல வேணுமில்ல.”

தோட்டத்தில் ஓர் ஆள் நீளத்துக்குப் பாத்தி வெட்டினேன். (எந்த ஆளின் நீளம் என்று அப்போது யோசிக்கவில்லை.) செடியை நேராக வளரவிட்டால் உச்சியில் மட்டும் ஒரு பெரிய பூங்கொத்து வரும், நுனியைக் கிள்ளி, தண்டை மெல்ல வளைத்துத் தரையோடு படியக் கட்டினால் பக்கக் கிளைகள் யாவும் வெயில் பெற்று நிமிரும். இதைப் படித்து அறிந்தபோது, பாகற்கொடியைப் பந்தலில் ஏற்றிய எனக்கு இதென்ன பெரிய வித்தை என்று எண்ணினேன். முதல் நாளே ஒரு தண்டை முறித்தேன். சுமதியின் கையில் மருந்துக்குழாயை ஒட்டவைக்கத் தந்திருந்த பிளாஸ்திரியைக் கொண்டுவந்து அதற்குச் சுற்றினேன்.

“எனக்கும் அதுக்கும் ஒரே டேப்பா?” என்றாள் சுமதி. “பாவம், அதுக்காவது சரியாப் போகட்டும்.”

கிளைகளை முளைக்குச்சியோடு கட்ட மென்மையான கயிறு தேடினேன். அவள் தன் அலமாரியைத் திறந்து, தலைக்குக் கட்டும் ரிப்பன்களையும் பட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். “எனக்கு இனிமே எதுக்கு? உங்க பொண்ணுகளுக்குக் கட்டி வுடுங்க.” பூப்பது பெண் செடிகளே என்று நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

அவளுடைய முடி அதற்குள் உதிர்ந்திருந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி; தலையணையிலும் குளியலறையிலும் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. நான் அதைத் திரட்டி ஒரு காகிதப் பையில் வைத்திருந்தேன். மனித முடியில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிகுதி. மண்ணுக்குள் கிடந்து மெல்ல மட்கி வேருக்கு உணவாகும். ஆகவே பாத்தியில் புதைத்தேன். குப்பைத்தொட்டியில் போட மனம் வரவில்லை என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அன்று உறுதியாக நம்பினேன்.

அடுத்தது மீன் அமிலம். நம் ஊர் இயற்கை உழவர்கள், மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் கலந்து மூடிவைத்து, ஊறிய சாற்றைத் தண்ணீரில் கலந்து செடிக்கு விடுவார்கள். முறையாகச் செய்தால் நாற்றம் இராது. பழவாசனை வரும் என்கிறார்கள். பரம்பரைச் சைவனாகிய நான் வியட்நாமியர் கடையில் மீன் தலையும் குடலும் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு வாளியில் கொட்டினேன். வெல்லம் போடும் இடத்தில்தான் இடறினேன். சுமதி கோயம்புத்தூரிலிருந்து பெட்டியில் சுமந்துவந்த அருமையான அச்சுவெல்லம் அது. அவள் மறுபடி வாய்க்கு ருசியாகச் சாப்பிடும் நாளுக்கென்று பாதியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பாதி வெல்லத்தில் மீன் ஊறாது, அழுகும். ஜூலை வெயிலில் வாளியின் மூடி வெடித்துப் பறந்தது. அந்த நாற்றத்தை எழுத என்னிடம் சொல் இல்லை; இருந்தாலும் அச்சில் ஏற்ற மாட்டேன். எவளுடைய குமட்டலைத் தீர்க்க இத்தனையும் தொடங்கினேனோ, அவள் மாடியில் சன்னல்களை மூடிக்கொண்டு தண்ணீரையும் வாந்தியெடுத்தாள். நான் சாற்றைப் பாத்தியில் ஊற்றி மண்ணைப் போட்டு மூடினேன். இரவில் மீன் வாசனைக்கு வந்த ரக்கூன் விலங்குகள் அந்த மண்ணைத் தோண்டிப் போட்டன.

மறுநாள் பிற்பகல் அழைப்புமணி அடித்தது. வாசலில் இரண்டு காவல்துறை அதிகாரிகள். முன்னால் நின்றவர் நடுவயதுப் பெண். பின்னால் நின்ற இளைஞர் வாயால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். என் உள்ளத்தில் எழுந்த ஒரே எண்ணம், ‘செடிகள்!’ சட்டம் இடமளித்திருந்தது. என் நெஞ்சு அளிக்கவில்லை. (உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது. என் ஆங்கிலம் அன்று தவழ்ந்தது.)

“உங்கள் மனைவி வீட்டில் இருக்கிறாரா?”

“இல்லை, இந்தியாவுக்குப் போயிருக்கிறாள்.”

நான் சொல்லவில்லை, நாக்கு சொன்னது. வளைத்துக் கட்டிய கிளையைப் போல அது அந்தத் திசையிலேயே வளர்ந்துவிட்டிருந்தது.

“அவருடைய கார் இங்கே நிற்கிறதே?”

“காரில் இந்தியாவுக்குப் போக முடியாது.” (கிண்டல் செய்யும் எண்ணம் எனக்கு அணுவளவும் இல்லை.)

“அவரோடு தொலைபேசியில் பேச முடியுமா?”

“இப்போது தூங்குகிறாள்.” என் வாழ்நாளில் நான் சொன்ன உண்மைகளிலேயே மிக மோசமான உண்மை அது.

“இது என்ன நாற்றம்?”

“மீன். நான் மீன் சாப்பிட மாட்டேன்.”

“பின்பக்கத் தோட்டத்தைப் பார்க்கலாமா?”

“அங்கே ஒன்றுமில்லை,” என்று சொல்லித் தோட்டத்துக் கதவின்மேல் கையை வைத்தேன். திரைப்படத்தில் ஒரு கொலைகாரன் இப்படிச் செய்திருந்தால், மிகை நடிப்பு என்று நானே குறை கூறியிருப்பேன்.

அவர்கள் என் கையை விலக்கிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஓர் ஆள் நீளத்துக்குப் புதிதாகக் கிளறிய மண். அதன் மேல் ஒரு பெண்ணின் ரிப்பன்கள், சிவப்பிலும் ஊதாவிலும். மண்ணுக்கு வெளியே கிடந்தது, ரக்கூன் இழுத்துப் போட்ட நீண்ட கருங்கூந்தல். இளைஞரின் கை இடுப்புக்குப் போயிற்று.

“சார், இது யாருடைய முடி?”

“என் மனைவியுடையது.”

“அது ஏன் மண்ணுக்குள் இருக்கிறது?”

“தழைச்சத்துக்காக.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வேளையில் மாடிச் சன்னல் திறந்தது. ஸ்வெட்டரும் நைட்டியுமாக, முடியற்ற தலையோடு சுமதி எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, யாரு அது?”

“போலீஸ்,” என்றேன். “உன்னைத் தேடி வந்திருக்காங்க.”

அவள் பாத்தியைப் பார்த்தாள், கூந்தலைப் பார்த்தாள், காவலரைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது. “ஆபீசர், ஐ ஆம் த டெட் பாடி!” என்று கத்திவிட்டுச் சிரித்தாள். மாதக்கணக்கில் நான் கேட்டிராத சிரிப்பு. அது இருமலாகி, இருமல் குமட்டலாகி, அவள் தலை சன்னலிலிருந்து மறைந்தது. நான் எல்லாவற்றையும் மறந்து மாடிக்கு ஓடினேன். (ஐயத்துக்குரியவன் ஓடினால் காவலர் துரத்துவார்கள், இருவரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.)

குளியலறைத் தரையில் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் அதிகாரி தண்ணீர் பிடித்துக் கொடுத்து, அருகில் முழந்தாளிட்டார். “என் அத்தைக்கும் இதேதான்,” என்றார் மெதுவாக.

சுமதி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவரிடம் கேட்டாள்: “ஹவ் இஸ் ஷீ நவ்?”

அதிகாரி தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். சுமதி அவர் கையை ஆறுதலாகத் தட்டிக்கொடுத்தாள்.

போகும்போது அவர் செடிகளை எண்ணினார். “ஆறு. வேலியும் உயரமாக இருக்கிறது, தெருவிலிருந்து தெரியாது. அது சரி,” என்றார். “மீனை மட்டும் ஏதாவது செய்யுங்கள்.”

புகார் கொடுத்தவர் டாரதி அம்மையார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குப் போனவளின் கார், மாடியில் விளக்கு, பிண நாற்றம், மண்வெட்டியோடு திரியும் கணவன். வேறு யாராயிருந்தாலும் இன்னும் முன்னதாகவே அழைத்திருப்பார்கள். மறுநாள் அவர் அழுதுகொண்டே வந்து சுமதியைக் கட்டிக்கொண்டார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சிறிய தகர டப்பாவை எடுத்தார். தம் மூட்டுவலிக்குப் பல ஆண்டுகளாக வாங்கிச் சாப்பிடும் கஞ்சா மிட்டாய். எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். பத்து நிமிடத் தொலைவில் இருந்த அதே கடை.

மருத்துவமனையைக் கேட்டுக்கொண்டு பாதி மிட்டாய் கொடுத்தேன். அன்று மாலை சுமதி ரசம் ஊற்றிய சோறு ஒரு கிண்ணம் சாப்பிட்டாள். நான் பாத்திரத்தோடு பக்கத்திலேயே காத்திருந்தேன். சோறு வயிற்றில் தங்கியது. அடுத்த தவணை மருந்தைத் தள்ளிப்போடவில்லை.

விடுமுறைக்கு வந்த மகள் யாழினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: “அப்பா, யூ டோல்ட் அ காப் ‘நைட்ரஜன்’?”

செடிகள் இலையுதிர்காலத்தில், கடைசித் தவணை முடிந்த பிறகு, மிகச் சிறப்பாகப் பூத்தன. உலர்த்திக் கண்ணாடிச் சாடியில் போட்டு, மீதி அச்சுவெல்லத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வெல்லம் தீர்ந்துவிட்டது, சாடி அப்படியே இருக்கிறது.

சுமதிக்கு முடி முளைத்தது, குட்டையாக, சுருளாக. இரண்டாண்டுகள் கழித்து நோயும் திரும்பிவந்தது. இந்த முறை மருத்துவமனையிலிருந்து திரும்பும் காரில் அவள் ஆணை மாறியிருந்தது. “எல்லாருக்கும் சொல்லிருங்க. ஒவ்வொரு தடவையும் நான் எந்திரிச்சு சன்னலுக்கு வந்து உசுரோட இருக்கேன்னு காட்ட முடியுமா?” சொன்னேன். டிஃபன் பாக்ஸோடு வருகிறார்கள். அத்தைகளின் கதையும் வருகிறது. முடிவு வருமுன் சுமதி எனக்குக் கண்ணைக் காட்டிவிடுகிறாள். நான் காப்பி கொண்டுவர எழுந்துவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் வேறொரு வழக்கமும் நிலைத்துவிட்டது. மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது நான் குரல் கொடுப்பேன்: “சுமதி, எங்க இருக்க?”

“தோட்டத்துல,” என்று மாடியிலிருந்து பதில் வரும். “கொஞ்சம் ஆழமா.”

சில நாள்களில் பதில் வரச் சற்று நேரமாகிறது. அது வரும்வரை நான் காலணியைக் கழற்றுவதில்லை.