பிக்கப்புக்குப் பட்டி போட்ட விவரம்

ஆனைமலை ரோடு, பொள்ளாச்சி
ஆவணி, 1996

மதிப்பிற்குரிய சம்பந்தி, துடியலூர் மாசாணம் மளிகை உரிமையாளர் அவர்கள் சமூகத்துக்குத் திருமூர்த்தி கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் குழந்தையம்மாளும் நலம், தென்னைகள் நலம், ஆடுகள் மிக மிக நலம். அங்கே தாங்களும் மாப்பிள்ளையும் எங்கள் மகள் லோகப்பிரியாவும் அவ்விதமே இருக்க வேண்டுகிறோம். தேங்காய் வெட்டுக்காகத் தாங்கள் இரவல் கொடுத்த பிக்கப்பும் நலம் என்று எழுதத்தான் கை ஓடவில்லை. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள். நான் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

வண்டி வந்த அன்றே வலது கதவுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் துரு இருந்ததுங்க. வால்பாறைக்குச் சாமான் ஏற்றிப்போன வண்டி, அந்த மழைக்கும் பனிக்கும் இதுகூட இல்லாமலா இருக்கும் என்று நானும் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த மாதம் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியை எஃப்.சி.க்குக் காட்ட வேண்டுமென்று தாங்கள் சொல்லியிருந்தீர்கள். அதுவுமில்லாமல், "எங்கப்பாகிட்டக் குடுங்க மாமா, கண்ணு மாதிரி பாத்துக்குவாரு" என்று லோகப்பிரியா சொல்லித்தான் தாங்கள் சாவியைக் கொடுத்தீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் வாய் திறந்து கேட்ட முதல் காரியம் அது. அந்தப் பிள்ளையின் சொல் கெட்டுவிடக் கூடாது, துருவை எடுத்துப் புதுசு மாதிரி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

கோயமுத்தூரில் பழைய வண்டிகளுக்கு டிங்கர் வேலை பார்க்கும் ரசாக் பாய், பொள்ளாச்சிக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார். பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அவசரத்தில் இருந்தாலும் பொறுமையாகவே சொன்னார். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டை சேறு அடைத்துக் கிடக்கிறது, குத்திவிடுங்கள் என்றார். துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி ரெட் ஆக்சைடு அடிக்கச் சொன்னார். கதவுகளைத் திறந்துவைத்து ஈரம் போகக் காயவிடச் சொன்னார். அதுவரை எல்லாம் மனுசன் பேசுகிற பேச்சாகத்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னாருங்க. "அது மேல பட்டி போட்டுருங்க. ரெண்டு பட்டி போட்டாத் தேவலைங்க. துரு திரும்பிப் பாக்காது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காட்டுக்குப் பட்டி போடுவது தெரியும். படலைக் கட்டி ஆட்டை அடைத்தால், புழுக்கையும் மூத்திரமும் விழுந்து மண்ணு தேறும். தகரம் எப்படிங்க தேறும்? கேட்கலாமென்றால், இதுகூடத் தெரியாத பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவாரோ என்று ஒரு கூச்சம். டவுனில் என்னென்னவோ புதுசு புதுசாக வருகிறதே, இதுவும் ஒன்றாக இருக்குமென்று மனசைத் தேற்றிக்கொண்டு, பட்டி போட நம்மூரிலேயே ஆள் இருக்கிறது என்றேன். அப்படியானால் கவலையே இல்லை, ஒரு இடம் விடாமல் போடச் சொல்லுங்கள் என்று பஸ் ஏறிவிட்டார்.

ஆடு மேய்க்கும் சாமியாத்தாளைக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னால், அவள் என்னைவிட அதிகமாகத் திகைத்துப் போனாள். "ஏனுங்க, காட்டுக்குப் போட்டிருக்கறனுங்க. காருக்குப் போட்டதில்லீங்களே" என்றாள். குழந்தையம்மாளோ, உங்களுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் விடவில்லைங்க. இரண்டு பட்டி ஆட்டையும் வரவழைத்து, வண்டியை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் படல் கட்டி, ஆடி மாதம் பூராவும் அடைத்தேன். கதவைத் திறந்துவைக்கச் சொன்னாரே, அதையும் மறக்கவில்லை.

இன்று காலை படலைப் பிரித்தேன். சம்பந்தி, என் ஆயுசில் இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. டிரைவர் இடத்தில் ஒரு வெள்ளாட்டுக் கிடா நிற்கிறது. உடம்பு வண்டிக்குள்ளே. நாலு காலும் வண்டியின் அடித்தகரத்தைப் பொத்துக்கொண்டு கீழே மண்ணில். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்து என்னைப் பார்த்து அசை போடுகிறது. வலது கதவைத் தொட்டேன், கீழ்ப்பாதி கையோடு வந்துவிட்டது. குழந்தையம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துபோட்டாள். எனக்கும் கண் கலங்கிருச்சுங்க. வண்டி போனது ஒருபக்கம். லோகப்பிரியா இனி உங்கள் வீட்டில் எந்த முகத்தோடு பேசுவாள்? எல்லாம் அந்த ரசாக் பாய் செய்த வேலை. விவரம் தெரியாத சம்சாரியைப் பட்டி போடச் சொல்லிக் கெடுத்த அந்த ஆள் நன்றாக இருப்பாரா? நான் செய்தது பெரிய பிழை. தாங்கள் பெரிய மனசு பண்ணி மன்னிக்க வேணும், எங்கள் பிள்ளையை ஒரு சொல் சொல்லிவிடாமல் இருக்க வேணும்.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். தங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் வணக்கம். மாசாணியம்மன் எல்லாருக்கும் தைரியத்தைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
திருமூர்த்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில், வேலை எப்படி வந்திருக்கிறதென்று பார்க்க ரசாக் பாயே வந்துவிட்டார். பட்டி என்பது தகரத்தின் பள்ளத்தில் பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற பசையாம். அவரைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். ஆட்டைப் பார்த்துவிட்டு அவரும் கொஞ்ச நேரம் மண்ணில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து, கிடாவின் காலடியில் உடைந்து விழுந்த அடித்தகரத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதுல தகரம் எங்கீங்க இருக்குது? ஓட்டையில சாக்கைத் திணிச்சு, மேல வெறும் பட்டியாப் பூசிப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. ஆடு இல்லீனா, மலை எறங்கறப்ப ஆளே கீழ போயிருப்பாருங்க" என்றார். சாக்கில் பாதியைக் கிடா தின்றுவிட்டது. மீதிப் பாதியில் மாசாணம் மளிகை, துடியலூர் என்று அச்சடித்திருக்கிறது.

ஆகவே சம்பந்தி, மேலே கேட்ட மன்னிப்பில் பாதியை நானே வைத்துக்கொள்கிறேன். லோகப்பிரியாவுக்கு அப்பனும் கெட்டிக்காரன், மாமனாரும் கெட்டிக்காரர். அந்தப் பிள்ளை அப்படியே நம்பிக்கொண்டிருக்கட்டுங்க. வண்டியை லாரியில் ஏற்றி ரசாக் பாய் பட்டறைக்குக் கொண்டுபோகிறேன், புதுத் தகரம் வைத்து முடிக்கட்டும். பார்க்க வருவதானால், நீங்க மட்டும் தனியா வாங்க.