வெள்ளரிக் கொட்டகையின் மேல் ஜன்னல்

தவுனோ சோபாவில் கண் விழித்தபோது சுவர்க் கடிகாரம் ஆறு மணி காட்டியது. காலை ஆறா, மாலை ஆறா?

வெளியே நல்ல வெளிச்சம். அதை நம்பிப் பயனில்லை. வடதுருவத்தை ஒட்டிய ஊர்; சூரியன் மறையவே மறந்துபோகும் ஜூன் மாதம். மேகம் வேறு மூடியிருந்ததால், சூரியன் ஏரிப் பக்கம் நிற்கிறதா, காட்டுப் பக்கம் நிற்கிறதா என்றும் தெரியவில்லை. கைபேசியோ முந்தாநாள் படகைக் கழுவும்போது ஏரிக்குள் போய்விட்டது.

அக்கா வீட்டுக்குக் கிளம்பிய மனைவி சைமி, பேருந்தில் ஏறும்போது சொல்லியிருந்தாள்:

"காலையில கண்ணாடிக் கொட்டகையோட மேல் ஜன்னலைத் திற, சாயங்காலம் மூடு. போன வருஷம் மாதிரி மீன் பிடிக்கப் போய் என் வெள்ளரியைக் கொன்னேன்னா, அந்தப் படகுலயே குடித்தனம் நடத்திக்கோ!"

பதினோரு கொடிகள். இப்போது போனால் திரும்ப விதைக்க நேரமில்லை. செப்டம்பரில் பனி வந்துவிடும்.

மூன்று நாளாக அவர் போய்ப் பார்த்தபோதெல்லாம் ஜன்னல் இருக்க வேண்டியபடியே இருந்தது. செய்த ஞாபகம் இல்லை. ஆனாலும் செய்திருக்கிறோமே என்று பெருமை.

இப்போது ஓடிப் போய்ப் பார்த்தார். ஜன்னல் திறந்திருந்தது.

"திறந்திருக்குன்னா, காலையில நான் திறந்திருக்கேன். அப்போ இது சாயங்காலம்."

இன்றிரவு உறைபனி என்று வானொலி சொன்னதும் நினைவு வந்தது. கொக்கிக் கம்பால் ஜன்னலை இழுத்து மூடினார். கொட்டகையின் சின்ன இரும்பு அடுப்பையும் பற்றவைத்தார்.

ஆனாலும் சந்தேகம். பக்கத்து வீட்டு ஹில்க்கா வாசற்படியில் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஹில்க்கா, இது காலையா, சாயங்காலமா?"

"காபி நேரம்."

"கிண்டல் பண்ணாதே. எப்போ எழுந்தே?"

"இப்பத்தான்."

"அப்போ காலை!"

"எனக்கு ஹோட்டல்ல ராத்திரி வேலைப்பா. நான் எழுந்தா சாயங்காலம்."

"நான் சொன்னேன்ல!"

"இரு, இரு. இன்னிக்கு எனக்கு லீவு. லீவுன்னா ராத்திரியே தூங்கியிருப்பேனே..." ஹில்க்கா கோப்பைக்குள் உற்றுப் பார்த்தாள். "பாவி மனுஷா, என்னையும் குழப்பிட்டியே!"

இருவரும் கொட்டகைக்கு வந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது.

"மூடினேனே!"

"கனவுல மூடியிருப்பே."

மறுபடி மூடினார். குளிர் உள்ளே புகுந்திருக்குமே என்று அடுப்பில் இன்னும் நாலு கட்டை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ கொட்டாவி விடுவது போல, ஜன்னல் மெல்ல வாயைத் திறந்தது.

"பேய்!" என்றாள் ஹில்க்கா.

"பேயோ, காத்தோ, வெள்ளரி சாகக் கூடாது."

படகுக் கயிற்றால் ஜன்னலை இழுத்துக் கட்டினார். அது திமிறியது. இரண்டு முடிச்சு கூடப் போட்டார். கூரைமேல் சைமியின் கம்பளிகளை விரித்தார். அடுப்புக்கு மேலும் கட்டை.

சற்று நேரத்தில் இலைகளெல்லாம் ஈரத் துணி போலத் தொங்கின.

"பாவம், குளிர் தாங்கலை," என்று சொல்லி, தவுனோ நெற்றி வியர்வையை வழித்துப் போட்டார்.

தபால் பேருந்து ஓட்டும் ராய்மோ வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"சாயங்கால நடை முடிஞ்சுது. என்ன அண்ணே, கொட்டகைக்கும் கம்பளி போர்த்திட்டீங்க?"

"சாயங்காலம்தான்!" தவுனோ குதித்தார்.

ராய்மோ உள்ளே எட்டிப் பார்த்தான். பதறிப்போய்க் கம்பளிகளை இழுத்தெறிந்து, கயிற்றை அறுத்தான். ஜன்னல் பெருமூச்சு விட்டதுபோல் எழுந்தது.

"தொடாதேடா! மூணு நாளா ஏரிப் பக்கம் தூண்டிலோட போகாம காவல் காக்கிறேன்!"

"ஐயோ அண்ணே, சூடு ஏறினா தானா திறந்து, குளிர்ந்தா தானா மூடிக்கிற கருவியைப் போன வாரம் நீங்க சவ்னாவில நீராவிக் குளியல் போட்டுட்டு இருந்தப்போ நான்தான் மாட்டிக் குடுத்தேன், 'வெள்ளரியை இது பாத்துக்கும், அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே, மீன் பிடிக்கக் கிளம்பிடுவார்'னு சைமி அக்கா சொன்னாங்க!"