சுக்கு மண்டியின் விரிவாக்கம்

உலக வர்த்தகத்தின் தர்மத்தை கொச்சி மட்டாஞ்சேரியில் வெங்கிடேஸ்வரன் அளவுக்கு உணர்ந்தவர் வேறு எவரும் இல்லை. கப்பலேறும் சுக்கைச் சுத்தம் செய்து தரம் பிரிக்கும் மண்டி அவருடையது. எழுபத்தெட்டாம் ஆண்டு சங்கம் போராடிக் கூலியை உயர்த்தியதும் அந்தத் தர்மம் அவரை உறங்கவிடவில்லை. பாதிக் கூலிக்கு ஆள் கிடைக்கும் தென்காசிக்கு வேலையை மாற்றிவிட முடிவு செய்தார்.

இதை அறிவிக்க ஓர் ‘ஆலோசனைக் கூட்டம்’ கூட்டினார். வேலை போகவிருந்த பெண்களுக்கெல்லாம் மண்டிச் செலவில் சாயா.

சங்கத்துத் தங்கையா எழுந்தார். “தொழிலை வெளிய கொண்டுபோற கம்பெனிக்கு வரி போடணும்னு சர்க்கார்ட்ட கேக்கப் போறோம்.”

வெங்கிடேஸ்வரனுக்கு உண்மையிலேயே மனம் நொந்தது. “காயல்ல ஓடுற தண்ணிக்கு வரி போடுவியா தங்கையா? எங்க லாபமோ அங்க போறதுதான் சுதந்திரம். அதைத் தடுக்கிறது பாவம்.”

பல வருஷமாகச் சுக்குப் பொறுக்கிய ஆவுடையம்மாள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். “யாரு வேணும்னாலும் போலாமா மொதலாளி?”

“தாராளமா.”

“செரி” என்று கிளாஸைக் கழுவி வைத்தாள்.

திங்கட்கிழமை மண்டியில் மூட்டைகள் மட்டும் இருந்தன. கடைசிச் சரக்கு இன்னும் பிரித்து முடியவில்லை. துறைமுகத்தில் கப்பல் நின்றது. பெண்கள் அத்தனை பேரும் பக்கத்துத் தோப்பும்படியில் செம்மீன் என்கிற இறாலை உரிக்கும் ஷெட்டுக்குப் போய்விட்டதாகக் காவல்காரன் சொன்னான். அங்கே கூலி கூடுதலாம்.

வெங்கிடேஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மீன் வாடையில் போய் நின்றார்.

“ஆவுடை, சொல்லாமக் கொள்ளாம வந்துட்டியே.”

“சொல்லிட்டுத்தான வந்தேன் மொதலாளி. நீங்களும் தாராளமான்னீங்க.”

“கப்பல் காத்து நிக்குது.”

“அதையும் தென்காசிக்கு விடச் சொல்லுங்க” என்றாள், செம்மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு அவரைத் தொழிலாளர் அலுவலகம் வரை துரத்தியது. அதிகாரிக்கு எதிரே மூச்சிரைக்க உட்கார்ந்தார்.

“இப்பிடி இடம் மாறிப் போற பெண்ணுங்களுக்கு ஒரு வரி போடணும் சார்.”

“வரியா? கூலி கூடுதலா கெடைக்குற எடத்துக்குப் போறாங்க. அதுல என்ன குத்தம்?”

“குத்தம் இல்லாம என்ன? நம்பினவங்களை அந்தரத்துல விட்டுட்டு ஓடிப்போறது சார் இது.”

“நீங்க தென்காசிக்குப் போறீங்களே, அது?”

வெங்கிடேஸ்வரன் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“அது விரிவாக்கம்.”