கஞ்சி அங்கிளும் என் தோசையும்

கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே யாரோடும் ஒட்டாத மனிதர் யார் என்று கேட்டிருந்தால், தயங்காமல் எங்கள் கஞ்சி அங்கிளைத்தான் கைகாட்டியிருப்பேன். அவருடைய வேலையோ, பசை கண்டுபிடிப்பது!

தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் பிளைவுட் தொழிற்சாலை. மரத் தகடுகளை ஒட்டும் கெமிக்கல் பசை ப்ரெஸ் மெஷினில் சூடேறினால் ஒரு நெடி கிளம்பும், கண் எரியும். அதற்குப் பதிலாக மரவள்ளி மாவிலும் சோயா மாவிலும் ஒரு பசை காய்ச்ச வந்தவர் அங்கிள். நாள் முழுக்கப் பானையைக் கிண்டியதால் அந்தப் பெயர். குட்மார்னிங் சொன்னால் கடிகாரத்தைப் பார்ப்பார்.

தன் பசையால் ஒட்டிய பலகையைக் கொதிக்கும் தண்ணீரில் நாலு மணி நேரம் போட்டுச் சோதிப்பார். ஒவ்வொரு தடவையும் பரோட்டா மாதிரி பிரிந்து வரும். "மாசக் கடைசி வரைக்கும்தான் டைம். அப்புறம் பழைய கெமிக்கல் கம்தான்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டு நொந்துபோனவர் ப்ரெஸ் மெஷின் லெட்சுமி அக்கா. "கண்ணு கெட்டுப்போச்சு, வேலைய விட்டுடுங்கன்னு டாக்டர் சொல்றாரு லா. வேலைக்கு மை போட்டுட்டு வந்தே ஆறு வருஷமாச்சு, எல்லாம் கன்னத்துல ஓடிடுது" என்று கேன்டீனில் புலம்பினார். பக்கத்து மேசையில் மீ கோரேங் தின்றுகொண்டிருந்த அங்கிள் நிமிரக்கூட இல்லை. எனக்குக் கோபமே வந்தது.

அந்த வாரம்தான் கேன்டீன் பிரிட்ஜில் இருந்த ஒரு டப்பாவைத் தேங்காய்ச் சட்னி என்று நம்பினேன். தோசையைத் தொட்டுத் தின்று, மேலே சூடாக ஒரு தே தாரிக் டீ. அவ்வளவுதான், வாயைத் திறக்க முடியவில்லை.

அங்கிள் ஓடிவந்தார். "அலாமாக், என்னோட கம்! சூடா தே குடிச்சும் விடலையா?"

"ம்ம்!"

"பயப்படாத, வெறும் மாவுதான். பழைய கம்மா இருந்தா நீ இந்நேரம் ஆஸ்பத்திரி லா. இதப்போயி வேஸ்ட்டுன்னு ஒதுக்கி வச்சேனே!" என்றவர், என்னை அப்படியே விட்டுவிட்டு டப்பாவோடு பறந்தார்.

மாசக் கடைசியில் என் பல்லை ஒட்டிய அதே கலவை சோதனைக்கு வந்தது. நாலு மணி நேரம் கொதித்த பலகையை மேனேஜர் பிய்த்துப் பார்த்தார். அவர் நகம்தான் உடைந்தது. "போலே, இதையே ஓட்டலாம்" என்றார். நாங்கள் கைதட்டினோம். அங்கிள் யாரையும் பார்க்காமல் லெட்சுமி அக்காவிடம் போய், தரையைப் பார்த்துச் சொன்னார்: "மெஷின்ல புது கம் ஓட ஆரம்பிச்சதும் மை போட்டுட்டு வாங்க."

அக்காவும் போட்டுக்கொண்டுதான் வந்தார். அங்கிளைக் கண்டதும் அழுகை வந்து, மை கன்னமெல்லாம் வழிந்தது. அங்கிள் பதறிவிட்டார். "அலாமாக்! இன்னும் எரியுதா?"

யாரோடும் ஒட்டாதவராம்! அப்படிச் சொல்லித் திரிந்த என் வாயை அவர் பசை இன்னும் நாலு நாள் மூடி வைத்திருக்கலாம்.