மணக்காத சோப்பும் மீன் சட்டியும்

பாண்டிச்சேரியிலேயே சாதுவான சோப்பு எதுவோ, அதைக் கண்டுபிடிக்காமல் ஓய்வதில்லை என்று சபதம் எடுத்தேன். "பொண்டாட்டி மேல என்னா பாசம்!" என்று எதிர்வீட்டு சுடர்விழி முதலியார்பேட்டை முழுக்கப் பரப்பிவிட்டாள். பாசம் இல்லை, ஐயா. பாத்திரம்.

நடந்தது இதுதான். என் மனைவி தையல்நாயகிக்கு விரல் இடுக்கெல்லாம் சிவந்து, வெடித்து, ஒரே அரிப்பு. தோல் டாக்டரம்மா பார்த்துவிட்டு எக்ஸிமா என்றார். வாசனை, சாயம் எதுவும் இல்லாத சோப்பில்தான் குளிக்க வேண்டும், கை கழுவ வேண்டும். பாத்திர சோப்பையும் துணி பவுடரையும் கை ஆறும்வரை தொடவே கூடாது.

"அப்ப யாரு டாக்டர் தொடுறது?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் சுடர்விழி நலம் விசாரிக்க வந்தாள்.

"அண்ணே, அக்காவுக்குக் கரப்பானாமே?"

"கரப்பானா? அடுப்பாண்டதான் மருந்து அடிச்சேனே!"

"ஐயோ, பூச்சி இல்லண்ணே. கையில வர்ற கரப்பான்."

பூச்சியாக இருந்திருந்தால் செருப்பால் ஒரே அடி. வேலை முடிந்திருக்கும். இதுவோ என்னை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிமுன் நிற்க வைத்துவிட்டது. தையல்நாயகி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஆரம்பிப்பாள்.

"அடியில கரி அப்படியே இருக்குது. மீன் சட்டிய மோந்து பாருங்க. ஏங்க, வெளக்கச் சொன்னா தடவிக் குடுக்குறீங்க!"

அன்றைக்கு எடுத்ததுதான் சபதம். இவள் கை ஆறினால்தான் என் கைக்கு விடுதலை.

முதலில் நேரு வீதியில் ஒரு கடை. பச்சை நிறத்தில், புதினா, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்ட மூலிகை சோப்பு. "முழுக்க இயற்கை சார்" என்றார் கடைக்காரர். நான் வீட்டுப் படி ஏறும்போதே தையல்நாயகி மூக்கைச் சுளித்தாள்.

"எட்டூருக்கு மணக்குது. வாசன கூடாதுன்னாங்கல்ல?"

"இது இயற்கை வாசன."

"காஞ்சொறிச் செடிகூட இயற்கைதான். எடுத்து மூஞ்சில தேச்சிக்குங்களேன்."

அடுத்தது குழந்தை சோப்பு. உறையில் குண்டுக் குழந்தை சிரித்தது. இரண்டே நாளில் இவள் விரல் அழுதது. டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன்.

"கொழந்த படத்தப் பாத்து வாங்காதீங்க. பின்னாடி இருக்கிற சின்ன எழுத்தப் படிங்க. அதுலயும் வாசன சேத்திருப்பாங்க."

சின்ன எழுத்தா அது? எறும்பு பரேடு. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தாலும் வாய்க்குள் நுழையாத பெயர்கள். படிக்க முடியாததை முகர்ந்து பார்த்தேன். ஊர் முழுக்க அப்படி முகர்ந்ததில், என்னைக் கண்டாலே கடைக்காரர்கள் சோப்பை உள்ளே எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள்.

"எதுக்குங்க இவ்ளோ அலைச்சல்?"

"உனக்காகத்தான் தையலு. பூ மாதிரி கை."

"டாக்டரு கையில சோப்பு போட வேணாம்னாங்க. நீங்க வாயால போடுறீங்க."

கல்யாணம் ஆன நாளாக நான் போடும் எந்தச் சோப்பும் அவளிடம் நுரைத்ததில்லை.

கடைசியில் மருந்துக்கடை ஆதிமூலம் ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்து வைத்தார். முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை.

"நுரை?"

"அவ்வளவா வராது."

"கலரு?"

"கெடையாது."

இத்தனை இல்லாமைக்கும் சேர்த்து விலை மட்டும் இருந்தது. வாங்கினேன்.

டாக்டரம்மா சொன்னபடி முதலில் முழங்கை மடிப்பில் தடவிக் கழுவிப் பார்த்தோம். காலையில் பேப்பர் படிப்பதற்கு முன்னால் அவள் கையைப் படித்தேன். சிவக்கவில்லை. அதையே பிடித்துக்கொண்டோம். குளித்த ஈரம் காய்வதற்குள் களிம்பும் தடவினாள். வெடிப்பு மெல்ல மெல்ல மறைந்தது. அவளைவிட எனக்குத்தான் ஆனந்தம். டாக்டரம்மா வாயாலேயே தீர்ப்பு வரட்டும் என்று அவளை அழைத்துக்கொண்டு போனேன்.

"கை நல்லாயிடுச்சே!" என்றார் டாக்டரம்மா.

"அப்ப இனிமே பாத்திரம் வெளக்கலாமில்ல?" என்றேன், குரலில் வெல்லத்தைக் கரைத்து.

தையல்நாயகி குறுக்கே வந்தாள். "எனக்கு இவரு கைதான் டாக்டர் கவல. தெனம் அவ்ளோ வெளக்குறாரு. கொஞ்சம் பாருங்களேன்."

உருகிவிட்டேன். என்ன இருந்தாலும் மனைவி. கையை நீட்டினேன். டாக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அரிப்பு, எரிச்சல் ஏதாவது இருக்கா?"

"எனக்கா?" நெஞ்சை நிமிர்த்தினேன். "எரும தோலு டாக்டர். சுண்ணாம்புல முக்கினாலும் ஒண்ணும் ஆவாது!"

"ரொம்ப நல்லது. இவங்க தோலு பாத்திர சோப்பு பட்டா மறுபடியும் வெடிச்சிடும். உங்களுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே, நீங்களே தொடர்ந்து பண்ணுங்க."

அந்த நிமிஷமே எனக்கு அரித்தது.

"இப்ப லேசா அரிக்குது டாக்டர். இதோ, இங்க பாருங்க..."

"நீங்க கவலப்படாதீங்க டாக்டர்," என்றாள் தையல்நாயகி. "அந்த வெள்ள சோப்பு வீட்ல இருக்குது. அதால கழுவிக்கிட்டு அடுத்த சட்டிய எடுப்பாரு."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தோம். அவளாகவே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை பட்டு மாதிரி இருந்தது.

"தேங்காய்த்திட்டுல நிறுத்தி மீன் வாங்கிக்கலாங்க. சுடர்விழி வீட்ல எல்லாரையும் சாப்பிட வரச் சொல்லிட்டேன்."

"எப்பச் சொன்ன?"

"டாக்டரப் பாக்கக் கெளம்புறதுக்கு முன்னாடியே."